கடைசிக் கட்டத்து நண்டு

பரீட்சைக்கு முந்தின நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு பைத்தியம் பிடிக்கும். சிலர் பழைய பேனாவை விட மாட்டார்கள், சிலர் யார் முகத்திலும் விழிக்க மாட்டார்கள். கிரேன்காரிக்கு அண்ணனைத் தோற்கடித்தாக வேண்டும். அதுவும் வீடியோ கேமில், அதுவும் கடைசிக் கட்டத்தில், அதுவும் கதாநாயகனாக இல்லாமல் வில்லனாக இருந்து தோற்கடிக்க வேண்டும். அப்போதுதான் மறுநாள் அவள் கை நடுங்காது.

கல்யாண வயது தாண்டி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிச் சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கு இது என்ன விளையாட்டு என்று கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. அவள் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

அந்த விளையாட்டில் தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு குட்டி ஆள் வருவான். வீட்டில் அவனுக்குப் பானைத்தலையன் என்று பேர். பாறைக்குப் பாறை தாவி, முள்ளுக்குத் தப்பி, வௌவாலை மிதித்து, ஒருவழியாகக் கடலடிக் குகைக்கு வந்து சேர்ந்தால், அங்கே திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நண்டு நிற்கும். தலையில் கிரீடம் வைத்த ராட்சச நண்டு. வலது கொடுக்கால் அடிக்கும், இடது கொடுக்கால் அடிக்கும், நுரைக் குண்டு துப்பும். எப்போதாவது ஒரு முறை இரண்டு கொடுக்கையும் சேர்த்துத் தூக்கும். அந்த நொடியில் மட்டும் வயிறு தெரியும். பானைத்தலையன் எகிறி அங்கே முட்டினால்தான் நண்டுக்கு வலிக்கும். மூன்று முறை முட்டினால் விழுந்துவிடும்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 'எனக்கும் ஆடணும்' என்று புரண்டு புரண்டு அழுதாள். அண்ணன் விவரமான பிள்ளை. தன் ஜாய்ஸ்டிக்கைக் கொடுக்க மனமில்லை, அம்மாவிடம் அடி வாங்கவும் மனமில்லை. பெட்டியோடு வந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவள் கையில் திணித்தான்.

"நான் பானைத்தலையன். நீ நண்டு. நீ இல்லன்னா அந்தக் குகைக் கதவே தெறக்காது, தெரியுமா?"

அழுகை நின்றது. நின்ற வேகத்தில் சந்தேகமும் வந்தது. "நான் வலது பக்கம் அழுத்தினா அது இடது பக்கம் அடிக்குது?"

"அது எவ்ளோ பெரிய உருவம்! நீ சொன்ன உடனே கேக்குமா? லேட்டாத்தான் கேக்கும். நீ முன்னாடியே அழுத்தி வச்சிரணும்."

கேட்கிற உங்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். அவளுக்கு வரவில்லை. அண்ணன் சொன்னால் சொன்னதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நண்டையே பார்த்தாள். பார்க்கப் பார்க்கப் பிடிபட்டது. வலது கொடுக்கு இறங்குமுன் வலது கண் உள்ளே போகும். நுரை வருமுன் வாய் ஒருமுறை கோணும். இரண்டு கொடுக்கும் எழுமுன் பின்னங்கால்கள் அரை அடி பின்னால் போகும். அந்த ஜாடை தெரிந்த கணத்தில் பட்டனை அழுத்தினால், ஒரு மூச்சு கழித்து, அழுத்தியபடியே நண்டு செய்தது. அவ்வளவு பெரிய மிருகம் அவள் பேச்சைக் கேட்டது! அன்றைக்குப் பானைத்தலையன் தோற்றான். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. அதுவரை கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிறவள், போய் ராணி மாதிரி உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தாள்.

அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. பள்ளி இறுதித் தேர்வு, வண்டி லைசென்ஸ், முதல் வேலை, எதுவானாலும் முந்தின நாள் அண்ணனும் தங்கையும் அந்தப் பழைய டிவி முன்னால் உட்கார்வார்கள். அண்ணன் தோற்பான். அவள் மறுநாள் ஜெயிப்பாள். வீட்டில் அவளுக்கு 'நண்டு' என்றே பேர் நிலைத்துவிட்டது. கிரேன் வேலைக்குப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள், "நண்டு கொழுத்தா வளையில இருக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்கள். வளையில் இருக்கிறவர்கள் இருந்துகொள்ளட்டும் என்று இவள் ஏணியில் ஏறிப் போய்விட்டாள்.

கிரேனில் ஏறிய முதல் நாள், சொல்லிக்கொடுக்க வந்தவர், "லோடு பெருசும்மா. நீ தள்ளின உடனே வராது. அது வர்றதுக்குள்ள நீ அடுத்ததை யோசிச்சிருக்கணும்" என்றார். மற்றவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் நண்டாக இருந்தவள், எனக்கா சொல்கிறீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பயம் வரும்போதெல்லாம் அவள் சொல்லிக்கொள்வது அந்த ஒரே வாக்கியம்தான். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது திங்கட்கிழமை காலையில் பெரிய கிரேனுக்குத் தேர்வு. கப்பல் பக்கத்தில் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்குமே, அது. அதன் கேபினில் இதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. தேர்வு வைப்பவர் 'மீசை'. அந்தப் பட்டப்பெயரைச் சொன்னால்தான் துறைமுகத்தில் ஆள் யாரென்று தெரியும், சொந்தப் பெயரைச் சொன்னால் தெரியாது. டிரம் நிறையத் தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிரப்பி, கொக்கியில் மாட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோகச் சொல்வார். கீழே தரை நனைந்தால் வீட்டுக்குப் போகலாம். போன தடவை போன ஆண்பிள்ளைகள் எல்லாரும் தரையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வந்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் மருந்துக்கடையை அடைத்துவிட்டு வந்து, பரணிலிருந்து டிவியை இறக்கினான். "நேத்து பொண்ணுக்கு, இன்னிக்கு உங்களுக்குன்னு இந்தப் பூதத்தை ஏத்தவும் இறக்கவுமே என் ஆயுசு போகுது" என்று அண்ணி அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாள். கிரேன்காரி இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் மகள் வந்து எதிரே நின்றாள். பதின்மூன்று வயது, எதையும் கழற்றிப் பார்க்காமல் விடாத கை, மனதில் பட்டதை அடக்கத் தெரியாத வாய்.

"அத்தை, ஒண்ணு சொல்லட்டுமா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். இங்க வா" என்று அடுப்படியிலிருந்து குரல் பாய்ந்து வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தாலே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

"நாளைக்கு இவ்ளோ பெரிய டெஸ்டு. அத்தைய இன்னும் ஏமாத்திட்டு இருக்கிறது எனக்குப் பிடிக்கலம்மா." பெண் திரும்பி அத்தையைப் பார்த்தாள். "இது ஒரு ஆள் ஆடுற கேம், அத்தை."

"நண்டுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

"நண்டை மெஷினே ஆட்டுது. நேத்து நான் தனியா அந்தக் குகை வரைக்கும் போனேன். இந்த ஜாய்ஸ்டிக் பீரோவுக்குள்ள கெடந்துச்சு. நண்டு அது பாட்டுக்கு அடிச்சுது."

கிரேன்காரி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கேம் கேசட்டைக் கையில் வைத்துத் தூசி போக ஊதிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே நன்றாக ஊதியாகிவிட்டது. மறுபடியும் ஊதினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"அண்ணா, நான் இல்லன்னா கதவு தெறக்காதுன்னு சொன்னியே?"

"சின்னப் பிள்ளையில சொன்னது அது."

"சின்ன கிரேன் லைசென்ஸுக்கு முன்னாடி கூடச் சொன்னியே. அப்பவும் சின்னப் பிள்ளையா நானு?"

அண்ணன் கேசட்டைக் கீழே வைத்தான். "நாளைக்குப் பரீட்சைன்னு வந்து உக்காந்திருக்கிற பொண்ணுகிட்ட ஜெயிச்சு என்னத்தக் கிழிக்கப் போறேன்? வேணும்னேதான் தோத்தேன். எல்லாத் தடவையும்."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது. அங்கேதான் அவன் கெட்டான்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். டம்ளர் பல்லில் இடித்தது. அவமானமாக இருந்தது. அண்ணிக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும், வீட்டுக்கே தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லை. அது கூடப் பரவாயில்லை. பயம் வந்தபோதெல்லாம் பிடித்துக்கொண்டு நின்ற சுவர், சுவரே இல்லை, அண்ணன் பிடித்திருந்த துணி என்று தெரிந்ததுதான் தாங்கவில்லை.

"நாளைக்கு நான் போகல அண்ணி."

"நல்லாருக்கே! அந்தக் கிரேனை இத்தனை நாளா உங்க அண்ணனா ஓட்டினாரு? வண்டிய நிறுத்தத் தெரியாம செவுத்துல முட்டுற மனுஷன்."

"அவன் எனக்காகத் தோத்தான் அண்ணி. நான் நிஜமா ஒரு தடவையாவது ஜெயிச்சேனா, இல்லையா? தெரியலையே."

அண்ணி கரண்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அழுதால் மூக்கு சிவக்கும், கோபித்தால் காது சிவக்கும் ரகம் அவள். அன்றைக்கு இரண்டும் சிவந்திருந்தன. விடுவிடுவென்று திரும்பி வந்து அண்ணன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நிஜமா ஆடு."

"என்ன?"

"விட்டுக்கொடுத்தேன், விட்டுக்கொடுத்தேன்னு சொல்றேல்ல? இப்ப விட்டுக்கொடுக்காம ஆடு. ஆடி ஜெயிச்சுக் காட்டு. அப்பதான் நம்புவேன்."

"ஜெயிச்சா நாளைக்குப் போவியா?"

"மொதல்ல ஜெயி."

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பானைத்தலையன் குகைக்குள் குதித்தான். நண்டு நிமிர்ந்தது. இத்தனை வருஷம் தன் கைக்குள் இருப்பதாக நினைத்த நண்டு, இன்றைக்கு அவள் கையே படாமல், கூச்சமில்லாமல் நிமிர்ந்தது.

வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை.

"வலது" என்றாள். வலது கொடுக்கு இறங்கியது. பானைத்தலையன் நசுங்கினான்.

"சும்மா இரு, கவனம் சிதறுது."

"நுரை வருது. குனி. குனி அண்ணா!" அவள் சொல்லி முடித்த பிறகு நுரை வந்தது. பானைத்தலையன் குனியவில்லை.

"இடது. மறுபடியும் இடது. இப்ப ரெண்டும் தூக்கும் பாரு, எகிறு!"

அவன் எகிறியபோது கொடுக்குகள் இறங்கிவிட்டிருந்தன. அண்ணன் நெற்றி வியர்த்தது. நாக்கு வெளியே வந்து மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. கடைக்கு வருகிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் மாத்திரை வாங்கப் பயப்பட்டிருப்பார்கள். இருந்த உயிரெல்லாம் போய்த் திரை கறுத்தது.

"அப்பா, நிஜமாவே தோத்துட்டீங்களா?"

"பட்டன் இறுகிப் போச்சு. மெஷின் வேற பழசு..."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றாள், கரண்டியோடு வாசலில் வந்து நின்ற அண்ணி.

இன்னொரு முறை ஆடினான். இன்னும் சீக்கிரமாகத் தோற்றான். வேண்டுமென்றே தோற்றுத் தோற்று, வேண்டும்போது ஜெயிக்கிற வித்தையை அவன் கற்றுக்கொள்ளவே இல்லை. விட்டுக்கொடுக்கிறோம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தானே தவிர, விட்டுக்கொடுக்க அவன் கையில் ஒன்றும் இருந்ததில்லை. அது அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜாய்ஸ்டிக்கைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான்.

மகள் இப்போது திரையைப் பார்க்கவில்லை. அத்தையின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை முழங்காலின் மேல் தாமாக அழுந்திக்கொண்டிருந்தன.

"அத்தை, அது அடிக்கிறதுக்கு முன்னாடியே எப்படிச் சொல்றீங்க?"

"வலது கண்ணு உள்ள போனா வலது கொடுக்கு. வாய் கோணினா நுரை. இது கூடவா தெரியாது?"

"எனக்குத் தெரியாது. நேத்து முழுக்க ஆடினேன், எனக்குத் தெரியல. அப்பாவுக்கும் தெரியல." பெண் அப்பா கையிலிருந்து முதல் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி நீட்டினாள். "நீங்களே ஆடுங்க."

அந்த ஜாய்ஸ்டிக்கை அவள் வாழ்நாளில் தொட்டதில்லை. பட்டன்கள் அண்ணன் விரல் பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்தன. பானைத்தலையன் பாறையில் வந்து நின்றான். நண்டின் வலது கண் உள்ளே போனது. அவள் பழக்கப்படி முன்கூட்டியே அழுத்தினாள். பானைத்தலையன் சொன்ன உடனே எகிறி, நேரே பள்ளத்தில் விழுந்தான்.

அண்ணன் சிரித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"இவன் சின்ன ஆளு" என்றாள் தனக்குத்தானே. "சொன்ன உடனே கேக்கிறான்."

அவ்வளவுதான் தெரிய வேண்டியிருந்தது. அடுத்த முறை கண்ணை நண்டின் மேல் வைத்து, விரலை மட்டும் ஒரு மூச்சு நிறுத்தி வைத்தாள். வலது கொடுக்கு இறங்கியபோது பானைத்தலையன் இடது பாறையில் இருந்தான். நுரை வந்தபோது குனிந்திருந்தான். பின்னங்கால்கள் அரை அடி பின்னால் போயின. அவள் எகிறினாள். கொடுக்குகள் எழுந்து வயிறு தெரிந்தபோது, அங்கே ஏற்கெனவே பானை வந்து காத்திருந்தது.

முட்டு!

மகள் கத்தினாள். அண்ணன் முட்டிபோட்டு உட்கார்ந்தான். நண்டு சிவந்தது, வேகம் பிடித்தது. இவளுக்கு அந்த வேகமும் தெரிந்ததுதான்; கோபம் வந்தால் தானும் இப்படித்தான் அடிப்பாள். இரண்டாவது முட்டும் விழுந்தது. மூன்றாவதற்கு மட்டும் கை ஒரு கணம் தயங்கியது. இதை அடித்தால் விழப்போவது யார்? கண்ணைச் சிமிட்டிவிட்டு எகிறினாள்.

நண்டு மெல்லச் சாய்ந்தது. பெரிய உருவம் இல்லையா, விழுவதும் தாமதமாகத்தான் விழுந்தது. குகையின் பின்சுவர் பிளந்து வெளிச்சம் வந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். விளையாட்டில் வந்த எல்லாரும் ஒவ்வொருவராகத் திரையில் ஒரு மேடைக்கு வந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள்: மிதிபட்ட வௌவால், முள்மீன், கல் விழுங்கித் தவளை. கடைசியில் நண்டு வந்தது. கிரீடத்தைக் கழற்றி ஒரு கொடுக்கில் பிடித்துக்கொண்டு, திரைக்கு வெளியே இருந்தவளைப் பார்த்துத் தலை வணங்கியது.

கிரேன்காரி எழுந்து நின்று அதற்கு ஒரு கும்பிடு போட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"நண்டு" என்றான் அண்ணன். "உன்ன நான்தான் தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கேன்னு நெனச்சிட்டு இருந்தேன் பாரு. எனக்கு ஒண்ணுமே தெரியல. நீதான்டி அத்தனையும் தெரிஞ்சு வச்சிருக்க."

அவளுக்குப் பெருமையில் அழுகை வந்தது. அழுதாள். மூக்கு மட்டும்தான் சிவந்தது.

மறுநாள் பெரிய கிரேனின் கேபினில் அவள் உட்கார்ந்தபோது, காலடியில் இருந்த கண்ணாடி வழியாக மனிதர்கள் மிளகு அளவில் தெரிந்தார்கள். கொக்கியில் டிரம் ஏறியது. தண்ணீர் விளிம்பில் நின்றது. அவள் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை லேசாகத் தள்ளினாள். மேலே கொக்கியைத் தாங்கிய வண்டி நகர்ந்தது. கீழே டிரம் நகரவில்லை. பிறகுதான் யோசித்து நகர்ந்தது. அவள் அது வருவதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டிருந்தாள்.

பாதி வழியில் கடலிலிருந்து ஒரு காற்று அடித்தது. கயிறு ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. சாயப்போகிறது என்பது சாயுமுன்பே அவளுக்குத் தெரிந்தது, கண் உள்ளே போவது மாதிரி. டிரம் ஆடும் பக்கமே வண்டியைக் கொஞ்சம் விட்டு, அதன் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆட்டம் செத்துப்போயிற்று. டிரம் அந்தக் கோடியில் தரையைத் தொட்ட சத்தம் கூடக் கேட்கவில்லை.

கீழே மீசை டிரம்மைச் சுற்றி வந்தார். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். கையைப் பார்த்தார். இன்னொரு முறை சுற்றினார். பிறகு ரேடியோவை வாய்க்குக் கொண்டுபோனார்.

"சொட்டுக் கூடச் சிந்தலையேம்மா. யாருகிட்டக் கத்துக்கிட்ட?"

அவள் ரேடியோவை எடுத்தாள். இத்தனை வருஷம் மனதுக்குள்ளேயே இருந்த வாக்கியம், உண்மை தெரிந்த மறுநாள், துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி வெளியே வந்தது.

"நான் நண்டா இருந்தவ சார்."

கீழே மீசை ரேடியோவைக் காதோடு சேர்த்து அழுத்தினார்.

"என்னவா இருந்த?"

"நண்டு, சார். கீழ வந்து சொல்றேன். மொதல்ல அந்தக் கப்பல் லோடை மாட்டுங்க, தூக்கிடுறேன்."